பாத்திமா முதல் லூர்து வரை: மாமியுடன் ஒன்பது நாள்

ஏப்ரல் 25, 2025, வெள்ளி: லிஸ்பன்

விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு வரும் வழியில் கண்ட ஆண்களும் பெண்களும் சட்டையில் ஒரு சிவப்புப் பூவைச் செருகியிருந்தார்கள். மாமிதான் முதலில் கவனித்தார். “இன்றைக்கு இங்கே என்ன திருவிழா, மக்களே?” என்றார். திருவிழா இல்லை, விடுதலை நாள். 1974-ல் இதே தேதியில் இந்த நாட்டின் சர்வாதிகாரம் விழுந்தது. அன்று தெருவில் நின்ற படைவீரர்களின் துப்பாக்கிக் குழல்களில் மக்கள் கார்னேஷன் பூக்களைச் செருகினார்களாம். விடுதி வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஒரு பெரியவர் தம் சட்டையிலிருந்த பூவை எடுத்து, தலைகுனிந்து வணங்கி, மாமியிடம் கொடுத்தார். மாமி அதைத் தம் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

குமரி மாவட்டக் கடற்கரையில் எங்கள் ஊர். மாமியாரை நாங்கள் மாமி என்றுதான் அழைப்போம். அவருக்கு 71 வயது, இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. இதற்குமுன் அவர் போன அதிக தூரம் வேளாங்கண்ணி. எங்கள் குழுவில் 34 பேர். தூத்துக்குடியிலிருந்து ஒரு தம்பதி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மற்றவர்கள் பெரும்பாலும் கோட்டாறு மறைமாவட்டத்தார். எங்களோடு ஒரு ஃபாதரும் வருகிறார். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு திருத்தந்தை பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. எங்கள் மண்ணின் தேவசகாயத்தை 2022-ல் புனிதராக உயர்த்தியவர் அவர். வீட்டில் மூத்தவர் போனது போலவே எங்கள் தெரு இருந்தது. பயணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். பணம் கட்டியாகிவிட்டது. அதோடு, இந்த நேரத்தில்தான் போக வேண்டும் என்று மாமி உறுதியாகச் சொன்னார்.

மாமியின் கடைசி மகன், என் கொழுந்தன், 2017 நவம்பரில் ஆழ்கடலுக்குத் தூண்டில் தொழிலுக்குப் போனான். ஒக்கிப் புயல் வந்தது. படகும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அதனால் இறந்தோருக்கான திருப்பலியில் அவன் பெயரை வாசிக்க மாமி இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. நவம்பர் 2 அன்று ஊரே மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது அவர் மட்டும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுவார். ஊரார் கொடுத்தனுப்பிய 41 பேரின் விண்ணப்பச் சீட்டுகள் ஒரு துணிப்பையில் என்னிடம் இருக்கின்றன. மாமி சீட்டு எதுவும் எழுதித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இரவு உணவில் பக்கல்யாவ் வைத்தார்கள். உப்பிட்டு உலர்த்திய காட் மீன்; ஒருநாள் முழுக்க ஊறவைத்து உப்பை இறக்கிய பிறகே சமைப்பார்களாம். உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டையோடு ஆலிவ் எண்ணெய் வழிய வந்தது. மாமி ஒரு வாய் வைத்துப் பார்த்து, “கருவாடுதான். நல்ல கருவாடு. மிளகாய்தான் போடத் தெரியவில்லை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். வரவேற்பு மேசையில் இருந்த பையன் அறைச் சாவியை நீட்டி ‘ஷாவ்’ என்றான். ஜன்னலுக்கு ‘ஜனேலா’, மேசைக்கு ‘மேசா’, அலமாரிக்கு ‘அர்மாரியோ’. ஐந்நூறு ஆண்டுகளுக்குமுன் நம் கரைக்கு வந்து இறங்கிய சொற்கள். அவற்றின் தாய்வீட்டில் கேட்டபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

ஏப்ரல் 26, சனி: லிஸ்பன், மாலையில் பாத்திமா

லிஸ்பன் நேரம் காலை ஒன்பது மணிக்கு ரோமில் திருத்தந்தையின் அடக்கத் திருப்பலி. விடுதிக் கூடத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சி. நாங்கள், இரண்டு பிரேசில் குடும்பங்கள், துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே நின்ற துப்புரவுப் பணிப்பெண் என்று எல்லோரும் ஒன்றாகப் பார்த்தோம். எளிய மரப்பெட்டி, மேலே திறந்த நற்செய்தி நூல், காற்றில் புரளும் தாள்கள். புனித மரியா மேஜர் பேராலயத்தில் அடக்கம் என்று வழிகாட்டி சொன்னதும் தூத்துக்குடி அம்மா உடைந்து அழுதார். ஆகஸ்டில் பனி பெய்து இடம் காட்டியதாகச் சொல்லப்படும் கோவில் அது. பனிமய மாதா என்ற பெயர் பிறந்த இடம். “எங்கள் மாதா மடியில்தான் படுக்கப் போகிறார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பஸ் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. வழிகாட்டிப் பெண் முகம் சுளிக்கவில்லை.

பேராலயத்தை ஒட்டிய சின்னக் கோவில், புனித அந்தோணியார் பிறந்த இடம். 1195-ல் இங்கே பிறந்தார். நாம் பதுவைப் புனிதர் என்போம். லிஸ்பன்காரர்களுக்கு அது பிடிப்பதில்லை, அவர் எங்கள் ஊர்ப் பிள்ளை என்கிறார்கள். படியிறங்கிப் போனால் நிலவறையில் ஒரு சிறு பீடம், அவ்வளவுதான். நம் பக்கத்து அந்தோணியார் தலங்களான உவரியும் புளியம்பட்டியும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு வீட்டுச் செப அறை அளவே தெரிந்தது. செவ்வாய்க்கிழமை நவநாள் கூட்டம், மொட்டை, அசனச் சோறு எதுவும் இங்கே இல்லை. அந்தப் படிகளில் மாமியை இரண்டு பேர் தாங்கி இறக்கினோம். அவர் சுவரைத் தொட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெலேம் கரையில் தேழு ஆறு கடல் போலவே விரிந்து கிடக்கிறது. 1541 ஏப்ரல் 7 அன்று, தம் 35-வது பிறந்த நாளில், சவேரியார் லிஸ்பனிலிருந்து கப்பலேறினார். கோவா சேர 13 மாதங்கள் ஆயின. அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஜெரோனிமோஸ் மடாலயக் கோவிலுக்குள் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. கூட வந்தவர்கள் படம் எடுத்தார்கள். எனக்கு மனம் வரவில்லை. மலபார்க் கடலில் அவர் செய்த கொடுமைகளைப் படித்தவள் நான். அதே லிஸ்பனில் 1554-ல் தமிழ் மொழி முதன்முதலாக அச்சேறியது என்பதையும் அங்கே நின்றுதான் நினைத்தேன். ரோமன் எழுத்தில் அச்சிட்ட செபப் புத்தகம் அது. குழுவினருக்குச் சொன்னேன். தலைமையாசிரியர் மட்டும் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

1837 முதல் இயங்கும் கடையில் முட்டைப்பால் நிரப்பிய பேஸ்ட்ரி. ஒன்று ஒன்றரை யூரோ, நம் கணக்கில் நூற்று நாற்பது ரூபாய்க்கு மேல். மேலே பட்டைத்தூள் தூவித் தருகிறார்கள். சூட்டோடு சாப்பிட வேண்டும். விலை கேட்டு மாமி முதலில் வேண்டாம் என்றார். பிறகு இரண்டு சாப்பிட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு: பாத்திமா

நேற்றிரவு ஒன்பதரை மணிக்கு மெழுகுதிரிப் பவனி. வெவ்வேறு மொழிகளில் செபமாலை ஒலித்தது. செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிகளின் முடிவிலும் ‘ஆவே’ பாடும்போது அத்தனை திரிகளும் ஒரே நேரத்தில் தலைக்குமேல் எழும்பின. பத்து டிகிரிதான் இருக்கும், காற்று எலும்பைத் துளைத்தது. எனக்கு முன்னால் நின்ற போர்த்துக்கீசியப் பாட்டி ஒன்றும் கேட்காமல் தம் கம்பளிப் போர்வையின் ஒரு பாதியை மாமியின் தோளில் போட்டார். இருவரும் ஒரே போர்வைக்குள் நின்று, அவர் அவர் மொழியில், இவர் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியே’ என்ற பழைய மந்திரத்தில், முக்கால் மணி நேரம் செபித்தார்கள். இன்று காலைத் திருப்பலி முடிந்து மாதா சுரூபம் திரும்பும்போது வெள்ளைக் கைக்குட்டைகளை ஆட்டி வழியனுப்புகிறார்கள். படகு புறப்படும்போது கரையில் நிற்பவர்கள் ஆட்டுவார்களே, அதே அசைவு.

1917 மே முதல் அக்டோபர் வரை லூசியா, பிரான்சிஸ்கு, ஜசிந்தா என்ற மூன்று ஆடு மேய்க்கும் குழந்தைகளுக்கு மாதா காட்சி கொடுத்த இடத்தில் இருப்பது மிகச் சிறிய சிற்றாலயம். 1919-ல் ஊரார் கட்டினார்கள். 1922-ல் யாரோ வெடி வைத்துத் தகர்த்தார்கள். மீண்டும் கட்டினார்கள். அதைச் சுற்றிக் கண்ணாடியும் கூரையும் பின்னால் வந்தவை. 1981-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மேல் பாய்ந்த தோட்டா மாதாவின் மகுடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. அந்த மகுடத்தைப் பெருவிழா நாட்களில் மட்டுமே சூட்டுவார்களாம்.

திடல் நெடுக ஒரு பளிங்குப் பாதை உண்டு. நேர்ச்சை செய்தவர்கள் முழங்காலில் நடந்தே சிற்றாலயம் வரை வருகிறார்கள். ஓர் இளைஞன் தன் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அப்படி வந்தான். பக்கத்தில் அவன் மனைவி நடந்து வந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாமி வெகுநேரம் பார்த்தார். “எனக்கு முழங்கால் இருந்தால் போயிருப்பேன்” என்றார்.

திரி ஏற்றும் இடம் நான் நினைத்தது போல் இல்லை. வரிசையாக நட்ட திரிகள் சூட்டில் வளைந்து, உருகி, கீழே தொட்டியில் விழுந்து ஒரே நெருப்பாக எரிகின்றன. பக்கத்தில் நிற்க முடியாத அனல். மெழுகில் செய்த கை, கால், தலை, குழந்தை உருவங்களையும் அதில் போடுகிறார்கள். வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் கொடுப்பதை இங்கே மெழுகில் கொடுக்கிறார்கள். 41 பேருக்கும் ஒவ்வொரு திரி. முகம் வெந்துபோனது. பெயரைச் சொல்லிச் சொல்லி வைத்தேன். கடன், கல்யாணம், குடி, சிறுநீரகம், வளைகுடாவில் சம்பளம் கிடைக்காத மகன். 42-வதாக ஒரு திரியை நானாக வைத்தேன். பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிற்பகலில் லூசியாவின் அல்ஜுஸ்ட்ரெல் ஊருக்கு அரை மணி நேரம் தந்தார்கள். பிறகு ஒரு நினைவுப்பொருள் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். இந்தக் கணக்கு எனக்குப் பொறுக்கவில்லை, வழிகாட்டியிடம் சொன்னேன். நிகழ்ச்சி நிரலை நிறுவனம் தீர்மானிக்கிறது என்றார். மாமி அங்கே ஊருக்குக் கொடுக்க இருபது மெல்லிய திரிகள் வாங்கி, மந்திரித்து வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 28, திங்கள்: ஸ்பெயின் வழியில்

இந்த நாளை எழுதாமல் விட முடியாது.

எல்லையைத் தாண்டிய சற்று நேரத்தில் ஓட்டுநர் வானொலியைக் கூட்டி வைத்தார். முகம் மாறியது. போர்த்துக்கல்லிலும் ஸ்பெயினிலும் ஒரே நொடியில் மின்சாரம் போய்விட்டது. ஒரு தெருவில், ஓர் ஊரில் போனதில்லை, இரண்டு நாடுகளில். ஸ்பெயின் நேரம் 12:33. சற்று நேரத்தில் கைபேசிகளிலும் தொடர்பு அறுந்தது. போர் என்று ஒருவர் சொன்னார், இணையத் தாக்குதல் என்று இன்னொருவர். ஃபாதர் எல்லோரையும் அமைதியாக்கி செபமாலை தொடங்கினார்.

மதிய உணவு சியுதாத் ரொத்ரிகோவில். கோட்டை மதில் சூழ்ந்த அழகான ஊர், எங்களுக்கு அதைப் பார்க்கும் மனநிலை இல்லை. உணவகத்தில் அடுப்பு எரியவில்லை, அட்டையில் பணம் செலுத்தவும் வழியில்லை. உரிமையாளர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், தலையில் கை வைத்து நின்றார். பிறகு உள்ளே போய், காலையில் செய்து வைத்திருந்த உருளைக்கிழங்கு முட்டை அடை, ரொட்டி, தக்காளி, ஆலிவ் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். ரொக்கமாக எங்களிடம் சேர்ந்தது 190 யூரோ. மீதியைத் துண்டுத் தாளில் எழுதி, மின்சாரம் வந்ததும் அனுப்புங்கள் என்று வழிகாட்டி கையில் கொடுத்துவிட்டார். எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஆல்பா தே தோர்மெஸ் ஊரில் அவிலாவின் புனித தெரேசாவின் கல்லறை. 1582 அக்டோபர் 4 இரவு இறந்தார். நாட்காட்டி திருத்தத்தால் மறுநாள் அக்டோபர் 15. இருட்டுக் கோவிலில் ஒரு கைவிளக்கு வெளிச்சத்தில் பீடத்துக்கு மேலிருந்த கல்லறையைக் கண்டோம். மே 11 முதல் இரண்டு வாரம் அவர் உடலை மக்கள் வணங்கத் திறந்து வைக்கப் போகிறார்கள். சிறிது பிந்தி வந்திருந்தால் கண்டிருப்போம் என்று பலருக்கு ஏக்கம்.

இரவு தங்கிய சிற்றூரில் விடுதி முழுக்க இருள். மின்தூக்கி ஓடாது, எங்கள் அறை மூன்றாம் மாடி. மாமியின் முழங்கால் காலையிலேயே வீங்கிவிட்டிருந்தது. வாசலில் பேசிக்கொண்டு நின்ற இரண்டு பையன்கள் நிலைமையைப் பார்த்து, உணவுக்கூடத்து நாற்காலி ஒன்றில் மாமியை உட்கார வைத்து, பல்லக்கு போலத் தூக்கி மூன்று மாடியும் ஏறினார்கள். வியர்வை சொட்டியது. மாமி பத்து யூரோ நீட்டினார். வாங்காமல், அவர் கையில் முத்தமிட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். காலையில் இறக்கவும் வந்தார்கள்.

இரவுச் சாப்பாடு ரொட்டி, பாலாடைக்கட்டி, டின் சூரை மீன், ஆரஞ்சு. வெளிச்சத்துக்கு மாமியின் பாத்திமா திரிகள். யாரும் கேட்கவில்லை, அவரே பையைத் திறந்து ஒவ்வொரு மேசைக்கும் கொடுத்தார். புயல் இரவில் ஏற்றுவதற்குத்தானே மந்திரித்த திரி என்றார்.

அறைக்கு வந்து ஒரு திரியை ஜன்னலோரம் வைத்தபோது மாமி பேச ஆரம்பித்தார். ஒக்கியன்று எங்கள் பக்கம் மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. “அன்றைக்கும் இப்படித்தான் ஒரு திரி. அவனுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும் என்று கடலைப் பார்த்த ஜன்னலில் வைத்தேன். திரி தீர்ந்ததும் அடுத்தது, அது தீர்ந்ததும் அடுத்தது. கோட்டாற்றுச் சவேரியார் திருவிழா அந்த வாரம்தான். தேர் ஓடும் நாளில் என் பிள்ளை தண்ணீரில் கிடக்கிறான்.” ஏழரை ஆண்டுகளில் என்னிடம் இதைச் சொன்னது இன்றுதான். நான் அவர் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டேன். நள்ளிரவுக்குமேல் விளக்குகள் எரிந்தன. தெருவில் யாரோ கைதட்டினார்கள்.

ஏப்ரல் 29, செவ்வாய்: லொயோலா

கைபேசிகள் உயிர்பெற்றதும் ஊரிலிருந்து அழைப்புகள் மழையாகக் கொட்டின. லொயோலாவில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் பிறந்த கல் வீடு, அதை அணைத்துக் கட்டிய பெரிய பேராலயம், மழை, பச்சை மலைகள். முதல் இயேசு சபைத் திருத்தந்தை மறைந்து எட்டே நாள் என்பதால், எங்கும் அவர் படத்தின் முன் பூக்கள். திருப்பலியில் நற்கருணை மன்றாட்டின்போது, ‘எங்கள் திருத்தந்தை’ என்று வர வேண்டிய இடத்தில் ஃபாதர் யார் பெயரும் சொல்லாமல் ஆயர் பெயருக்குப் போனார். பன்னிரண்டு ஆண்டுகளாகக் காது கேட்டுப் பழகிய பெயர் அது. அந்த இடைவெளியில் எல்லோரும் தலை குனிந்துகொண்டோம்.

ஏப்ரல் 30, புதன்: ஹாவியர்

நான் இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியதே இந்த ஒரு வரிக்காக. நிகழ்ச்சி நிரலில் அது ‘ஹாவியர் கோட்டை, 45 நிமிடம்’ என்று இருந்தது.

பாம்ப்லோனாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். கோதுமை வயல்களுக்கு நடுவே மஞ்சள் கல்லில் ஒரு கோட்டை. பாஸ்க் மொழியில் ‘எச்சே பெர்ரி’, புதுவீடு என்று பொருள். அதுதான் திரிந்து ஹாவியர் ஆனது, நம் நாவில் சவேரியார் ஆனது. எங்கள் கரையில் வீட்டுக்கு ஒரு சவேரியார் உண்டு. இத்தனை நாள் நாங்கள் பிள்ளைகளைப் புதுவீடு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

உள்ளே சிற்றாலயத்தில் இடைக்காலத்து மரச் சிலுவை. அறையப்பட்ட இயேசு புன்னகைக்கிறார். வலியில் முகம் கோணிய பாடுபட்ட சுரூபங்களையே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். உதட்டோரம் உண்மையாகவே ஒரு சிரிப்பு. சுற்றிச் சுவர் முழுக்க எலும்புக்கூடுகள் நடனமாடும் ஓவியம். சவேரியார் சிறுவனாக இந்த முகத்தைப் பார்த்துத்தான் செபித்திருப்பார். அவருக்குப் பத்து வயதானபோது, நவார் நாட்டைக் காஸ்தீல் அரசு வென்றதைத் தொடர்ந்து இந்தக் கோட்டைக் கோபுரங்களை இடித்துத் தள்ளினார்கள். அதற்குமுந்தைய ஆண்டு தந்தை இறந்திருந்தார். அண்ணன்மார் காஸ்தீலுக்கு எதிராகப் போரிட்டார்கள். 1521-ல் பாம்ப்லோனாவில் எதிர்த்தரப்பில் நின்று கால் உடைந்து விழுந்தவர்தான் இஞ்ஞாசியார். அவரும் சவேரியாரும் பாரிசில் ஒரே அறையில் தங்கி நண்பர்களானார்கள் என்பதை நான் இன்னும் வியக்கிறேன்.

பக்கத்துப் பங்குக் கோவிலில் அவர் ஞானஸ்நானம் பெற்ற கல் தொட்டி. மாமி அதன் விளிம்பில் கை வைத்தார். எடுக்கவில்லை. 1544 நவம்பர், டிசம்பரில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கை ஓய்ந்து போகும் என்று அதற்கு முந்தைய கடிதத்தில் எழுதினார். எங்கள் ஊர் அந்தக் கரைதான். மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மனப்பாடம் செய்த செபங்களைச் சொல்லிக் கொடுத்தவர். மாமி தொட்டியைப் பிடித்தபடியே ‘பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்கினார். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். காவலர் எட்டிப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார்.

முடிந்ததும் மாமி கேட்டார், “இவர் இங்கே திரும்பி வந்தாரா?”

இல்லை. 1525-ல் பாரிசுக்குப் படிக்கப் போனவர் பிறகு இந்த வீட்டில் வாழவே இல்லை. 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

அம்மா 1529-லேயே போய்விட்டார். மகன் அப்போது பாரிசில் இருந்தார்.

“அப்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் கடைசியாகப் பார்த்தது இந்த வாசலில்தான்” என்றார் மாமி. வெளியே வந்து கோட்டை வாசல் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

45 நிமிடம் முடிந்தது. அடுத்து ஒரு சாலையோர விற்பனை வளாகத்தில் இரண்டு மணி நேரம் என்று வழிகாட்டி எழுப்பினார். தலைமையாசிரியர் மெதுவாகத்தான் பேசினார்: “அம்மா, எங்களுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர் வீடு இது. கடைக்கு நாங்கள் வரவில்லை.” ஃபாதரும் அவர் பக்கம் நின்றார். ஒரே ஒருவர்கூட மறுக்கவில்லை. வழிகாட்டி அலுவலகத்தோடு பேசிவிட்டுச் சம்மதித்தார். புனிதத் தலப் பயணம் நடத்துகிறவர்கள் எங்கே எவ்வளவு நேரம் என்பதைப் பயணிகளின் ஊரையும் வரலாற்றையும் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். குமரியிலிருந்து போகிறவர்களுக்கு ஹாவியரில் அரை நாளாவது வேண்டும்.

மலைப்பாதையில் மாமி முதன்முறையாகப் பனி மூடிய சிகரங்களைக் கண்டார். எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கப்பாதையைக் கடந்தால் பிரான்சு. லூர்து சேரும்போது விடுதிச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. ஆறிப்போன சூப்பும் ரொட்டியும் கிடைத்தன. ஒருவரும் குறை சொல்லவில்லை.

மே 1, வியாழன்: லூர்து

நல்ல வெயில். தெருமுனைகளில் குழந்தைகள் வெள்ளை மணிகளைக் கோத்தது போன்ற ஒரு பூவைக் கொத்துக்கொத்தாக விற்கிறார்கள். மே முதல் நாள் அதைக் கொடுத்து வாழ்த்துவது இங்குள்ள வழக்கம். கொத்து மூன்று யூரோ. வாங்கினேன்.

கெபி என்று நாம் எல்லா ஊர்களிலும் சிமெண்டில் கட்டி வைத்திருப்பதன் மூலப் பாறை இதுதான். 1858-ல் பெர்னதெத் என்ற 14 வயது ஏழைச் சிறுமிக்கு 18 முறை காட்சி. அவள் கையால் தோண்டிய ஊற்று கண்ணாடிக்குக் கீழே ஓடுகிறது. லட்சக்கணக்கான கைகள் தடவித் தடவிப் பாறை வழவழப்பாகிவிட்டது. தடவிக்கொண்டே நடந்தோம், ஈரம் கசிகிறது. நோயாளிகளை நீல மூடி வைத்த வண்டிகளில் தொண்டர்கள் இழுத்து வருகிறார்கள். அவர்கள்தான் எங்கும் முதல் வரிசை. மாமியின் நடையைப் பார்த்த ஒரு தொண்டர் வண்டியில் ஏறச் சொன்னார். “நோயாளி உட்கார வேண்டிய இடம்” என்று மாமி மறுத்துவிட்டார்.

ஆற்றங்கரைப் பெஞ்சில் எங்கள் தமிழைக் கேட்டு ஒரு பெண் வந்தார். நெற்றியில் குங்குமம். பாரிசில் வாழும் யாழ்ப்பாணத்துச் சைவப் பெண். ஒவ்வோர் ஆண்டும் மாதாவிடம் வருகிறார். பையிலிருந்து இடியப்பமும் சம்பலும் பருப்பும் எடுத்தார். ஆறு நாளாக ரொட்டி தின்ற நாக்குக்கு அந்த உறைப்பு கண்ணில் நீரை வரவழைத்தது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: 2009-ல் தம்பி காணாமல் போனான். இன்றுவரை கெபிப் பெட்டியில் அவன் பெயரை உயிரோடிருப்பவர் சீட்டில்தான் எழுதிப் போடுகிறேன், செத்தவன் என்று என் கையால் எழுதமாட்டேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இருவரும் வெகுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பூங்கொத்தை மாமி அவருக்குக் கொடுத்துவிட்டார்.

மே 2, வெள்ளி: லூர்து

காலையில் தண்ணீர்ச் சடங்கு. தொண்டர்ப் பெண் குடத்திலிருந்து கையில் ஊற்றுகிறார். கை, முகம் கழுவி, ஒரு மிடறு குடிக்க வேண்டும். பனிக்கட்டி போலக் குளிர்ந்த நீர். ஊராரின் 41 சீட்டுகளையும் கெபிப் பெட்டியில் போட்டேன். துணிப்பை காலியானது.

மாலையில் எங்களுக்கென ஒரு சிற்றாலயத்தில் தமிழ்த் திருப்பலி. தொடங்குமுன் ஃபாதர் இறந்தோர் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். மாமி ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து அவரிடம் போனார். ஏதோ சொன்னார். ஃபாதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார்.

நடுவில் எங்கோ மலையில் இடி இடித்தது. ‘இறந்துபோன எங்கள் சகோதர சகோதரிகளை நினைவுகூரும்’ என்ற இடத்தில் பெயர்களை வாசித்தார்கள். பதினோராவது பெயர் அவனுடையது. ஞானஸ்நானப் பெயரோடு, தகப்பன் பெயரோடு. மாமி அழவில்லை. நான் அழுதேன்.

மழையில் இரவுப் பவனி. திரிகளைச் சுற்றிக் காகிதக் கூடு, அதில் பாட்டின் வரிகள். ஆவே, ஆவே, ஆவே மரியா. மாமி கடைசிவரை நடந்தார்.

மே 3, சனி: துலூஸ் விமான நிலையம்

மாதா தண்ணீர் ஒன்பது புட்டிகள், பெட்டி எடை ஒன்றரைக் கிலோ கூடுதல். இரண்டு சால்வைகளை எடுத்துத் தோளில் போட்டுச் சமாளித்தோம். சியுதாத் ரொத்ரிகோ அம்மாவுக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டதாக வழிகாட்டி சொன்னார்.

வரிசையில் நிற்கும்போது மாமி கேட்டார், “கல்லறைத் தோட்டத்தில் பெயர் எழுதி ஒரு கல் வைக்க எவ்வளவு ஆகும், மக்களே?”

பதினைந்தாயிரம் ஆகலாம் என்றேன். தேதி நவம்பர் 30 என்று போடலாமா என்று கேட்டேன்.

“அது யாருக்குத் தெரியும்? நவம்பர் 22 என்று போடு. அன்றைக்குத்தான் என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.”